பிளேற் பிழையா, தண்ணிப் பிழையா? பத்திரிகை மெசினில் அறிகுறி பார்த்துப் பழுது பிடித்தல்

நள்ளிரவு தாண்டி மெசின் வேகம் பிடிக்கிற நேரம், கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் போகிற வான்கள் வாசலில் நிற்கும்போது பக்கம் அழுக்கடித்தால், முதலில் ஏச்சு வாங்குவது பிளேற்தான், அதாவது பக்கத்தின் படத்தைச் சுமக்கும் அலுமினிய அச்சுத் தகடு. அடுத்த நாளே கொழும்பு முகவருக்கு அழைப்புப் போகும், வேறு பிளேற் கேட்டு. புதுப் பிளேற் வந்து இறங்கிய பின்னும் அதே அழுக்கு வரும். பிளேற்றை மாற்றுவது கடைசி வேலை. பழுது தகட்டில் பிறந்ததா, பிளேற் கழுவும் தொட்டியில் பிறந்ததா, மெசினில் பிறந்ததா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கீழே உள்ளவை ஒற்றை அகல வெப் ஓப்செற் மெசினுக்கு (சுருள் தாளில் அச்சடிப்பது) எழுதியவை: சிலிண்டர் சுற்றளவு 578 மி.மீ., வேகம் மணிக்கு 30,000 முதல் 36,000 பிரதி, 0.3 மி.மீ. அலுமினியப் பிளேற், 45 கிராம் பத்திரிகைத்தாள், தானாக உலராத பத்திரிகை மை. உங்கள் மெசின் வேறென்றால் அளவுகள் மாறும், பார்க்கும் ஒழுங்கு மாறாது.

வெள்ளை இடம் முழுக்கச் சாம்பல் படர்கிறது

மெசினை நிறுத்தி, பிளேற்றின் பூச்சை அழிக்கும் அழிபேனாவை எடுங்கள். பிளேற்றின் வெள்ளை இடத்தை ஈரப்பஞ்சால் துடைத்து, உலர்ந்ததும் ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு கோடு இழுங்கள். பேனாவில் சொல்லியிருக்கும் நேரம் விட்டு, தண்ணியால் நன்றாகக் கழுவி, கம் (பிளேற்றைக் காக்கும் பசைக் கரைசல்) பூசித் துடைத்து, 200 பிரதி ஓட்டிப் பாருங்கள். கோடு இழுத்த இடம் வெள்ளையாகவும் அக்கம்பக்கம் சாம்பலாகவும் வந்தால் குற்றம் பிளேற்றில்: பூச்சு முழுதாகக் கழுவப்படாமல் எச்சம் நிற்கிறது. கோடும் சேர்ந்து சாம்பலானால் பிளேற்றை விட்டுவிடுங்கள். மையிலும் தண்ணியிலும் றோலரிலும் தேடுங்கள். இந்தச் சோதனைக்குப் போகும் நேரம் ஐந்து நிமிடம். அதைச் செய்யாமல் பிளேற்றைக் குற்றம் சொல்பவரின் பேச்சைக் கேட்கத் தேவையில்லை.

எச்சம்தான் என்று உறுதியானால், உங்களுடையது எந்த வகைப் பிளேற் என்பதைப் பொறுத்துக் காரணம் தலைகீழாக மாறும். வயலட் பிளேற்றும் (ஊதா லேசரால் எழுதுவது) எதிர்மறைத் தேர்மல் பிளேற்றும் (வெப்ப லேசரால் எழுதுவது) லேசர் பட்ட இடத்தில் இறுகும், படாத இடம் கழுவுப்படும். இவற்றில் அழுக்கு வந்தால் தேவையற்ற இடம் எப்படி இறுகியது என்று பாருங்கள். வயலட்டுக்கு மஞ்சள் விளக்கு அறை வேண்டும். கதவிடுக்கு வெளிச்சமும், யாரோ மாற்றிப் போட்ட வெள்ளை எல்.ஈ.டி. குமிழும் போதும் பிளேற்றைக் கெடுக்க. அடுத்தது, கழுவுமுன் பிளேற்றைச் சூடாக்கும் முன்சூடாக்கி. பல வயலட் பிளேற்றுகள் 100 முதல் 120 பாகை செல்சியஸ் வரை கேட்கும். உங்கள் பிளேற்றின் தரவுத்தாளில் உள்ள எண்ணைப் பிடியுங்கள். திரையில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். பிளேற்றின் முதுகில் இடது, நடு, வலது என மூன்று இடத்தில் வெப்பப் பட்டி ஒட்டி ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் கூடச் சூடானால் அந்தப் பக்கம் மட்டும் அழுக்கடிக்கும்.

நேர்மறைத் தேர்மல் பிளேற்றில் லேசர் பட்ட இடம்தான் கழுவுப்படும். ஆகவே லேசர் பலம் குறைந்தால் அழுக்கு வரும். எதிர்மறையில் அதே பலக்குறைவு அழுக்காக வராது, படம் சீக்கிரம் தேய்வதாக வரும். ஒரே பழுது இரண்டு பிளேற்றில் இரண்டு முகம் காட்டும். பிளேற் வகை மாற்றிய வாரத்தில் அனுபவசாலிகளே தடுமாறுவது இதனால்தான்.

லேசரும் சூடும் சரியென்றால் டெவலப்பர், பூச்சைக் கழுவியெடுக்கும் காரக் கரைசல். அது 22 முதல் 25 பாகைக்குள் இருக்க வேண்டும். பகலில் கரண்ட் இல்லாமல் குளிராக்கி நின்றுவிட்டால், மாசி பங்குனியில் தொட்டி 30 பாகையைத் தாண்டிவிடும். மாலையில் குளிராக்கியைப் போட்ட உடனே பிளேற் விடாதீர்கள். வெப்பம் இறங்கும் வரை பொறுங்கள். இன்னொன்று நம் ஊர் அச்சகங்களுக்கே உரியது: ஒரு நாளுக்குச் சில டசின் பிளேற் மட்டும் கழுவும் தொட்டியில், டெவலப்பர் பிளேற்றால் கெடுவதைவிடக் காற்றால் கெடுவது அதிகம். காரக் கரைசல் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சிப் பலம் இழக்கும். பிளேற்றின் பரப்புக்கு ஏற்ப மட்டும் புதிது சேர்க்கும்படி இயந்திரத்தை அமைத்திருந்தால் போதாது, நேரத்துக்கு ஏற்பவும் சேர்க்க வைக்க வேண்டும். மூடியைத் திறந்து வைக்கிற பழக்கத்தையும் விட வேண்டும்.

அழிபேனாக் கோடும் அழுக்கடிக்கிறது

இனித் தண்ணி. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடக்கும் நீர். கல்சியம் கூட. கரையோரமாகவும் கோடை முற்றும்போதும் உப்பும் கூட. குடிக்கிறதுக்கே யோசிக்கிற தண்ணியைப் பவுண்டன் கரைசலுக்கு (வெள்ளை இடத்தில் மை ஒட்டாமல் மெசின் பிளேற்றில் பூசும் ஈரக் கரைசல்) ஊற்றிவிட்டுப் பிளேற்றைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

அமிலக் கரைசலென்றால் பி.எச். 4.8 முதல் 5.3 வரை பிடிக்கும். ஆனால் பி.எச். மட்டும் பார்த்து, தண்ணியில் சேர்க்கும் பவுண்டன் மருந்தைக் கலக்காதீர்கள். கரைசலில் உள்ள தாங்கிப் பொருள், பாதி மருந்து ஊற்றினாலும் முழு மருந்து ஊற்றினாலும் பி.எச்.சை ஏறக்குறைய ஒரே இடத்தில் நிறுத்திவிடும். அளவு தெரிய வேண்டுமென்றால் கடத்துதிறன் (கரைசல் மின்சாரம் கடத்தும் அளவு) பார்க்க வேண்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. உதாரணத்துக்கு, வெறும் தண்ணி 900 மைக்குரோ சீமன்ஸ், 3 வீதம் மருந்து சேர்த்ததும் 1900 என்று வைப்போம். ‘1900 வந்தால் சரி’ என்று சுவரில் எழுதி ஒட்டிவிடுவார்கள். மாரி முடிந்து கோடை ஏற, அதே கிணற்றின் வெறும் தண்ணி 1500க்கு ஏறியிருக்கும். அப்போதும் 1900க்கு நிறுத்தினால் உள்ளே போனது 1.2 வீத மருந்துதான். பிளேற் அழுக்கடிக்காமல் என்ன செய்யும்? வெறும் தண்ணியின் அளவை ஒவ்வொரு வாரமும் எடுத்து, அதற்கு மேல் கூட வேண்டிய 1000த்தைக் கணக்கு வையுங்கள். ஆர்.ஓ. தண்ணி (சவ்வில் வடித்து உப்பு நீக்கியது) வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை, வேறொன்று உண்டு: கடின நீருக்கென்று செய்த மருந்தை ஆர்.ஓ. தண்ணியில் கலந்தால் நுரைக்கும், கல்சியமே இல்லாத கரைசல் தாளிலிருந்து கல்சியத்தை இழுக்கும். தேவை லீற்றருக்கு 140 முதல் 215 மில்லிகிராம் வரை கடினத்தன்மை. கொஞ்சம் கிணற்று நீரைத் திரும்பக் கலந்து அதை எட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். கரையோர அச்சகங்கள் அதைச் செய்ய வேண்டாம். கடினத்தன்மையோடு குளோரைட்டும் சேர்ந்து வரும். ஆர்.ஓ. நீருக்கென்று செய்த மருந்தைக் கேட்டு வாங்குங்கள்.

தண்ணி சரியென்றால் றோலர். பிளேற்றைத் தொடும் மை றோலரும் தண்ணி றோலரும் பிளேற்றில் விடும் தடத்தின் அகலத்தை அளந்து, மெசின் கைநூலோடு ஒப்பிடுங்கள். தடம் இரு முனையிலும் ஒரே அகலமாக இருக்க வேண்டும்.

மெசின் நின்று எழும்பியதும் ஊசிமுனைப் புள்ளிகள்

தாள் அறுந்து, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்ப ஓட்டும்போது, வெள்ளை இடத்தில் மணல் தூவியதுபோல் கூரான கறுப்புப் புள்ளிகள். துடைத்தாலும் அதே இடத்தில் திரும்ப வரும். இது அலுமினியம் அரித்த அடையாளம். மெல்லிய ஈரம் பிளேற்றில் மெதுவாக உலரும்போது, அதிலுள்ள குளோரைட் ஒட்சைட் படலத்தைத் துளைக்கிறது. துளைக்குள் மை தங்குகிறது. கடற்காற்றும் உப்புத் தண்ணியும் சேர்ந்த இடத்தில் இது மற்ற ஊர்களைவிடச் சுறுக்காக வரும். குளோரைட் லீற்றருக்கு 25 மில்லிகிராமுக்குள் இருக்கும் நீர் நல்லது.

ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால், முதல் வேலையாகப் பிளேற்றுகளுக்குக் கம் பூசுங்கள். தாள் கோர்ப்பது அதற்குப் பிறகு. வந்த புள்ளியை அமிலப் பிளேற் கிளீனரால் தேய்த்து, கழுவி, கம் பூசினால் லேசான அரிப்புக்கு அந்த இரவு தப்பலாம். ஆழமாக அரித்ததை மாற்றத்தான் வேண்டும். கழுவி வந்த பிளேற்றில் கம் பட்டை பட்டையாக ஏறியிருந்தாலும் இதே பழுது வரும். பிளேற்றை வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தால் கம் ஏறாத பட்டை தெரியும்.

படம் மை ஏற்க மறுக்கிறது

புதுப் பிளேற், ஆனால் தலைப்பு எழுத்துகள் வெளிறிக் கிடக்கின்றன. நூறு இருநூறு பிரதியில் சரியானால் கம் தடித்துக் காய்ந்ததுதான் காரணம். கழுவு இயந்திரத்தின் கம் றோலரைச் சுத்தம் செய்து, அழுத்தத்தைச் சரிபாருங்கள். தொடக்கத்தில் நன்றாக இருந்து 10,000 பிரதிக்குப் பிறகு வெளிறினால், கல்சியம் படத்தின்மேலும் மை றோலரிலும் படிகிறது. றோலரைக் கழுவிக் காயவிட்டு விரலால் தடவுங்கள். வழுவழுப்பாகவும் வெண்படலமாகவும் இருந்தால் சாதாரணக் கழுவு எண்ணெய் எடுக்காது. கல்சியம் நீக்கியைப் போட்டுக் கழுவி, பிறகு தண்ணியால் துடைக்க வேண்டும்.

படம் சீக்கிரம் தேய்கிறது

தேய்ந்த பிளேற்றை எறியாமல் மேசையில் விரித்து, எங்கே தேய்ந்தது என்று பாருங்கள். பிளேற் முழுக்க ஒரே சீராக மெல்லிய புள்ளிகள் போயிருந்தால் லேசர் பலமோ, முன்சூடு குறைவோ, டெவலப்பர் கூடிப் போனதோ. சிலிண்டரைச் சுற்றிவரும் திசையில் ஒரே பட்டையாகத் தேய்ந்தால் அந்த இடத்தில் றோலர் அழுத்தம் கூட, அல்லது றோலர் வீங்கியிருக்கிறது. தாளின் விளிம்பு ஓடும் கோட்டில் தேய்ந்தால் வெட்டுத் தூசு. முன்விளிம்பில் மட்டும் தேய்ந்தால் பிளாங்கெற்றின் (பிளேற்றிலிருந்து மையை வாங்கித் தாளுக்குக் கொடுக்கும் றப்பர் விரிப்பு) கீழ் வைக்கும் அடைப்புத் தாள் கூட. பிளேற்றுக்கும் பிளாங்கெற்றுக்கும் இடையிலான அழுத்தம் 0.10 முதல் 0.15 மி.மீ. வரை போதும். மை சரியாக ஏறவில்லை என்று ஒரு தாள் கூட அடைத்தது யார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அளவுமானியை வைத்துப் பாருங்கள்.

அஞ்சலிப் பக்கத்தில் முகங்கள் கறுக்கின்றன

எங்கள் பத்திரிகைகளில் மரண அறிவித்தலும் முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலியும் பக்கம் பக்கமாகப் போகும். தபால்தலையளவுப் படத்தில் முகம் அடையாளம் தெரியாமல் கறுத்தால், மறுநாள் காலை வாசலுக்கே வருவார்கள். வருவது நியாயம்.

பத்திரிகைத்தாளில், படத்தை ஆக்கும் மைப்புள்ளி விரிவது இயல்பு. ஐ.எஸ்.ஓ. 12647-3 தரமே 50 வீதப் புள்ளிக்கு 26 வீத விரிவை எதிர்பார்க்கிறது. தாளில் அது 76 ஆகத் தெரியும். அதைவிடக் கறுத்தால், பிளேற் அளவியால் பிளேற்றிலுள்ள 50 வீதக் கட்டத்தை அளவுங்கள். சீரமைப்புக் கோடு (விரிவை ஈடுசெய்யப் புள்ளியை முன்கூட்டியே குறைக்கும் வளைகோடு) கேட்ட எண்ணே பிளேற்றில் இருந்தால் மெசினில் விரிகிறது: அழுத்தம், மை, தண்ணி பாருங்கள். பிளேற்றிலேயே எண் கூட இருந்தால் லேசரும் டெவலப்பரும். பிளேற் நிறுவனம் மாற்றிய அன்று பழைய கோட்டையே வைத்திருந்தாலும் இதுதான் நடக்கும். ஒவ்வொரு பிளேற் வகைக்கும் தனிக்கோடு எடுக்க வேண்டும். கைத்தொலைபேசியில் வந்த இருண்ட படத்தைப் பக்கம் கட்டும்போதே திறக்காமல் விட்டுவிட்டு, பிளேற் அறையில் வெளிச்சம் தேட முடியாது. நான்கு வண்ணம் சேர்ந்த மை மொத்தம் 240 வீதத்தைத் தாண்டினால் பின்பக்கமும் ஊறித் தெரியும்.

மெய்யெழுத்தின் புள்ளி காணாமற் போகிறது

8 பொயின்ற் எழுத்தில் மெய்ப்புள்ளி அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. ஒரு தூசு போதும், ‘பட்டம்’ ‘படடம்’ ஆகிவிடும். எதிர்மறைப் பிளேற்றில் லேசர் படும்போது தூசு இருந்தால் அந்த இடம் இறுகாது, புள்ளி போகும். நேர்மறையில் தூசுக்குக் கீழ் பூச்சு மிஞ்சி, இல்லாத புள்ளி முளைக்கும்: ‘மகன்’ ‘மக்ன்’ ஆகும். முதலாவது மெய்ப்புப் பார்த்தவரின் தலையில் விழும், இரண்டாவது தன் பிழையில்லை என்று அவரே சத்தியம் செய்வார்.

பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பிளேற்றைப் பாருங்கள். பிளேற்றில் புள்ளி இருந்து தாளில் இல்லையென்றால் பிளாங்கெற். பிளேற்றிலேயே இல்லையென்றால், அதே இடம் அடுத்த பிளேற்றிலும் விடுபட்டிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஒரே இடமென்றால் சீரீபியின் (கணினியிலிருந்து நேரே பிளேற்றில் எழுதும் இயந்திரம்) உருளையிலோ கண்ணாடியிலோ அழுக்கு ஒட்டியிருக்கிறது. இடம் மாறி மாறி வந்தால் காற்றுத் தூசும், பெட்டியில் பிளேற்றுகளுக்கு நடுவே வரும் இடைத்தாளின் துகளும். சோளகம் அடிக்கும் மாதங்களில் வடிகட்டியை வாரம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பிளேற் பெட்டி திறக்கும் மேசைக்கு நேரே விசிறி வைக்காதீர்கள்.

பிளேற் வளைவில் வெடிக்கிறது

மணிக்கு 36,000 என்றால் வினாடிக்குப் பத்துச் சுற்று. சிலிண்டரில் பூட்ட மடித்த விளிம்பின் வளைவு சரியாகப் படியாத பிளேற் ஒவ்வொரு சுற்றிலும் நூலிழை அளவு எழும்பி அமரும். கம்பியை மாறி மாறி வளைத்தால் முறிவதுபோலத்தான் இதுவும் முறியும். வெடித்த துண்டு பிளாங்கெற்றையும் றோலரையும் சேர்த்துக் கொண்டு போகும். ஆகவே விளிம்பில் மயிரிழைக் கீறல் தெரிந்தால், மீதிப் பிரதியை ஓட்டி முடிப்போம் என்று நினைக்காதீர்கள். நிறுத்துங்கள்.

பூட்டிய பிளேற்றின் முன்விளிம்பைப் பெருவிரலால் அழுத்துங்கள். அசைந்தால் வளைவு பிழை. வளைப்பானின் தாடையில் ஒட்டிய அலுமினியத் துகளைத் துடைத்து, இரு முனையிலும் ஒரே கோணம் வருகிறதா என்று மெசினோடு வந்த மாதிரி அளவியால் பாருங்கள். அதுவும் சரியென்றால் தகட்டின் உருட்டுத் திசையைப் பார்க்க வேண்டும். அலுமினியச் சுருளை உருட்டிய திசை சிலிண்டரைச் சுற்றி ஓட வேண்டும், குறுக்கே ஓடக்கூடாது. குறுக்கே ஓடினால் வளைவுக் கோடும் உருட்டுக் கோடும் ஒன்றாகிச் சீக்கிரம் வெடிக்கும். ஓர்டர் போடும்போது அளவை மட்டும் சொல்லாமல் திசையையும் எழுதிக் கொடுங்கள். மைக்குரோமீற்றரால் தடிப்பையும் பாருங்கள். 0.30க்குப் பதில் 0.28 வந்தால் அழுத்தம் அவ்வளவு குறையும். வளைவும் இறுக்கமாக அமராது.

இத்தனைக்கும் பிறகு மாற்றத்தான் வேண்டுமென்றால்

தேர்வில் எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை இலட்சம் ஓடும் என்று. உங்கள் ஓட்டம் 50,000க்குள் என்றால் ஒரு இலட்சம் தாங்கும் பிளேற் தாராளம். சுட்டு இறுக்கும் பிளேற்றுக்கும் மூன்று இலட்சம் தாங்கும் பிளேற்றுக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. அந்தக் காசில் ஆர்.ஓ. பூட்டலாம்.

கையில் உள்ள சீரீபி எதுவோ, பிளேற்றும் அதுவே. வயலட் இயந்திரத்தில் தேர்மல் பிளேற் ஓடாது: ஒன்று 405 நனோமீற்றர் ஒளி, மற்றது 830. புதிதாக இயந்திரமே வாங்கும் நிலையென்றால் தேர்மலின் பக்கம் சாயலாம். மஞ்சள் விளக்கில்லாமல் கையாளலாம், புள்ளியும் கூராக வரும். வயலட்டின் பலம் வேகம். இரவு பதினொன்றரைக்குக் கடைசிப் பக்கம் வருகிற பத்திரிகைக்கு அது சின்ன விசயமல்ல.

கழுவாத பிளேற்றைப் பற்றி இப்போது நிறையக் கேட்கிறார்கள். அதில் டெவலப்பர் இல்லை, தொட்டி இல்லை, கரண்ட் போனால் தொட்டிக்குள் பாதியில் மாட்டும் பிளேற்றும் இல்லை. நானூறு கிலோமீற்றர் லொறியில் மருந்துக் கலன் ஏற்றி வரவும் வேண்டாம். பழைய டெவலப்பரை எங்கே ஊற்றுவது என்ற கேள்வியும் போகும். சுண்ணாம்புக் கல் நிலத்தில் முற்றத்தில் ஊற்றியது அயல் கிணற்றுக்குத்தான் போகும். குறை, படம் மங்கலாகத் தெரியும். எது சிவப்பு, எது நீலம், எந்தப் பக்கம் என்று அவசரத்தில் கண் பிடிக்காது. பிளேற்றின் விளிம்பில் பக்க எண்ணும் வண்ணமும் பெரிதாக எரியவிட்டால் சமாளிக்கலாம். பூச்சு மெசினில்தான் கழுவுப்படுவதால், பவுண்டன் கரைசல் ஏற்கெனவே தள்ளாடுகிற இடத்தில் இதைத் தொடங்க வேண்டாம்.

எந்தப் பிளேற்றானாலும் பெட்டிகளைத் தகரக் கூரைக்குக் கீழ் வைக்காதீர்கள். சூடு பட்ட பூச்சு கிழமைக்கணக்கில் கிழடாகி, கழுவினாலும் போகாத அழுக்காக நிற்கும். குளிரறையில் தட்டையாக, பழையது மேலே வரும்படி அடுக்குங்கள். லொறியால் இறக்கிய பெட்டியை 24 மணி நேரம் அறைக்குள் ஆறவிட்டுத் திறந்தால் வியர்க்காது.

மாதிரிப் பெட்டி வந்ததும், ஒரே சிலிண்டரில் பக்கத்துப் பக்கமாகப் பழைய பிளேற்றையும் புதியதையும் பூட்டுங்கள். இரண்டின் ஓரத்திலும் 3 வீத, 50 வீதக் கட்டங்கள் இருக்கட்டும். தொடக்கத்தில், 5,000இல், 20,000இல், ஓட்டம் முடிந்ததும் என நான்கு தாள் எடுத்து, நேரமும் கடத்துதிறனும் எழுதி வையுங்கள். நடுவில் ஒருமுறை வேண்டுமென்றே பத்து நிமிடம் கம் பூசாமல் நிறுத்தி ஓட்டி, எந்தப் பிளேற் எத்தனை பிரதியில் சுத்தமாகிறது என்று எண்ணுங்கள். அன்றிரவு மையையோ மருந்தையோ பிளாங்கெற்றையோ மாற்றாதீர்கள். சோதனையை ஞாயிறு இதழில் வைக்கவும் வேண்டாம்.